எவரெஸ்டுக்குப் போகிறவர்

எவரெஸ்டுக்குப் போகிறவர் எவரெஸ்டில் ஏறுகிறவர் அல்லர். நேபாளத்தின் கும்புப் பகுதியில், சிகரம் ஏறுவோர் கூடாரம் அடிக்கும் இடம்வரை நடந்து, 5,364 மீட்டர் என்று எழுதிய பாறைக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்புகிறவர். சிகரத்தின் உயரம் 8,849 மீட்டர். இடையிலுள்ள மூன்றரைக் கிலோமீட்டர் உயரத்தை அவர் மறைப்பதில்லை, எடுத்துச் சொல்வதுமில்லை. "எவரெஸ்ட் போறேன்" என்பதோடு நிறுத்திக்கொள்வார். கேட்பவர் வாயைப் பிளந்தால் அது கேட்பவர் பாடு. அடிவார முகாமில் நின்றால் எவரெஸ்டின் உச்சி தெரியாது, அதைப் பார்க்கப் பக்கத்திலுள்ள காலா பத்தர் மேட்டில் ஏற வேண்டும் என்பது முன்பணம் கட்டிய பிறகுதான் அவருக்கே தெரியவரும். இந்தத் தகவல் வீட்டில் சொல்லப்படுவதில்லை.

சென்னையில் இந்த வகையினர் ஓ.எம்.ஆர். சாலையை ஒட்டிய அடுக்குமாடிகளில் மிகுதியாகக் காணப்படுகிறார்கள். வயது முப்பத்தைந்துக்கு மேல், ஐம்பதுக்குள். ஆசைக்கு வித்து, பெரும்பாலும் முழு உடல் பரிசோதனை அறிக்கையில் நட்சத்திரக் குறியிட்ட ஒரு கொழுப்புக் கணக்கு. இல்லையென்றால் கல்லூரித் தோழன் பனிப்பின்னணியில் அனுப்பிய படம். இரண்டும் ஒரே வாரத்தில் வந்தால் தப்ப வழியில்லை. முடிவு முதலில் அலுவலகத்துக்கும், பிறகு வாட்ஸப் குழுக்களுக்கும், கடைசியாக மனைவிக்கும் தெரிவிக்கப்படும். அம்மாவுக்கு யாரும் தெரிவிப்பதில்லை. அவருக்குத் தானாகவே தெரிந்துவிடும். "ஏன்டா, சபரிமலைக்குக் கூப்பிட்டா முட்டி வலின்னு சொன்னியே?" என்ற அவருடைய கேள்விக்கு இதுவரை எந்தப் பயணியும் பதில் சொன்னதில்லை.

பயிற்சி மாடிப்படியில் தொடங்குகிறது. முதுகுப்பையில் ஐந்து கிலோ அரிசியைப் போட்டுக்கொண்டு, விடியற்காலையில் எட்டு மாடி ஏறி இறங்குவார். முதல் வாரம் வாட்ச்மேன் ஓடிவந்து, "சார், லிப்ட் ஓடுதே சார்" என்பார். இரண்டாவது வாரம் அவரே மற்ற குடியிருப்பவர்களிடம், "எவரெஸ்ட் சார் மேல போயிருக்காரு" என்று பெருமையோடு சொல்லத் தொடங்குவார். சனிக்கிழமை பரங்கிமலை. நூற்றுச்சொச்சம் படி ஏறி, மேலிருந்து விமான நிலைய ஓடுபாதையைப் பார்த்துவிட்டு இறங்கி, எதிர்க்கடையில் பொங்கல் வடை. ஏறுவதில் எரித்ததைவிட வடையில் சேர்ந்தது அதிகம் என்று கைக்கடிகாரச் செயலி காட்டும். அதைக் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை.

இந்தப் பயிற்சியால் காலுக்கும் இதயத்துக்கும் நல்ல பலன் உண்டு. உயரத்துக்குத்தான் இல்லை. சென்னை கடல் மட்டத்திலிருந்து சில மீட்டர் உயரத்தில் கிடக்கிறது. தொட்டபெட்டா 2,637 மீட்டர். தென்னிந்தியாவிலேயே உயரமான ஆனைமுடி 2,695. எவரெஸ்ட் பயணி விமானத்தை விட்டு இறங்கி நடக்கத் தொடங்கும் லுக்லா இவ்விரண்டையும் தாண்டி 2,800 மீட்டருக்கு மேல் இருக்கிறது. ஆகவே தென்னாட்டுச் சிகரங்கள் எல்லாவற்றிலும் பயிற்சி எடுத்து முடித்தாலும் அவர் இன்னும் விமான நிலையத்துக்கு வந்து சேரவில்லை என்றுதான் பொருள்.

'அங்கே ஆக்சிஜன் பாதிதான்' என்று அவர் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருப்பார். காற்றில் ஆக்சிஜனின் பங்கு அங்கேயும் இங்கே உள்ளதுபோல 21 சதவிகிதம்தான். பாதியாவது காற்றழுத்தம். அழுத்தம் குறைவதால் ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே போகும் ஆக்சிஜன் குறைகிறது. உடம்பு இதற்கு ஈடுகொடுக்கும்: மூச்சை வேகமாக்கும், சிறுநீரகத்தைக் கொண்டு இரத்தத்தின் காரநிலையைச் சரிசெய்யும், பின்னர் சிவப்பணுக்களைக் கூட்டும். இதற்கெல்லாம் நாள் பிடிக்கும். கட்டுமஸ்தான இருபத்தைந்து வயதுக்காரரும் இந்த வரிசையில் முந்த முடியாது; அவசரமாக ஏறுவதால் அவர்தான் முதலில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்காருவார். இந்த உண்மையை எதிர்கொள்ள நம் பயணி வாய்மூக்கை இறுக்கும் 'உயரப் பயிற்சி முகமூடி' ஒன்றை வாங்குகிறார். அது மூச்சு இழுப்பதைக் கடினமாக்குமே தவிர, காற்றழுத்தத்தைக் குறைக்காது. அதை மாட்டிக்கொண்டு ஒருநாள் பால் வாங்கப் போனதில் பாக்கெட் போடும் பையன் ஓடிவிட்டான். அதன்பின் முகமூடி அலமாரியில் இருக்கிறது.

பொருள் சேர்ப்பதுதான் இவருடைய தனித்திறமை. பருத்திச் சட்டை வியர்வையை உறிஞ்சி ஈரமாகவே இருக்கும், குளிரில் ஆபத்து என்று படித்தவுடன் வீட்டிலுள்ள பருத்தியையெல்லாம் பகையாகப் பார்ப்பார். உள்ளே வியர்வை கடத்தும் அடுக்கு, நடுவே சூடு காக்கும் அடுக்கு, மேலே காற்றும் மழையும் புகாத அடுக்கு என மூன்று அடுக்கு வேண்டும். இறகு திணித்த கோட்டை மே மாதத்தில் எப்படிச் சோதிப்பது? படுக்கையறை ஏசியைப் பதினாறில் வைத்து, அதைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து பார்ப்பார். மனைவி ஹாலில் தூங்குவார்.

பூட்ஸின் கதை தனி. புதுப் பூட்ஸோடு மலைக்குப் போனால் கொப்புளம் நிச்சயம், முன்கூட்டியே போட்டுப் பழக்க வேண்டும் என்பது அனுபவசாலிகளின் அறிவுரை; நல்ல அறிவுரையும்கூட. அதனால் அவர் அதை அலுவலகத்துக்குப் போட்டுக்கொண்டு போகிறார். காய்கறி வாங்கப் போகிறார். மைத்துனர் மகள் கல்யாண வரவேற்பில் பட்டு வேட்டிக்குக் கீழே கணுக்காலை மூடிய பழுப்புப் பூட்ஸோடு மேடையேறிப் படமெடுத்துக்கொள்கிறார். கோயிலில் செருப்பு விடும் இடத்தில் அதை நம்பி விட மனம் வராமல், கோபுரத்தைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு வெளியிலேயே நிற்கிறார். இறக்கத்தில் விரல்கள் பூட்ஸின் முனையில் இடித்து நகம் கறுக்கும் என்பதால் ஓர் அளவு பெரிதாக வாங்கியது. நடக்கும்போது ஒலி முன்னால் வரும், ஆள் பின்னால் வருவார்.

தலைக்கு என்ன என்பதில்தான் வீட்டில் பெரிய சண்டை. மார்கழியில் இருபத்திரண்டு டிகிரிக்கே அப்பா போட்டுக்கொள்ளும் மெரூன் நிறக் குரங்குக் குல்லாவை அம்மா எடுத்து நீட்டுவார். அவர் அதைத் தொடமாட்டார். மெரினோ ஆட்டு ரோமத்தில் செய்த 'பாலக்ளாவா' ஆர்டர் செய்திருக்கிறார். வந்து பிரித்துப் பார்த்தால் அதுவும் குரங்குக் குல்லாதான். விலையில் மட்டும் வித்தியாசம்.

இந்தக் கட்டத்தில் மூன்றாவது மாடி மாமியைக் குறிப்பிட வேண்டும். அடுக்குமாடிக்கு ஒருவராவது இப்படி இருப்பார். அறுபது வயதுக்கு மேல் கைலாய யாத்திரை போய்வந்தவர். கைலாயப் பரிக்கிரமையில் டோல்மா லா என்ற கணவாயைக் கடக்க வேண்டும். உயரம் சுமார் 5,600 மீட்டர். அதாவது எவரெஸ்ட் அடிவார முகாமைவிட இருநூறு மீட்டருக்கு மேல் கூடுதல். மாமி அங்கே போனது ஸ்வெட்டர், சால்வை, குரங்குக் குல்லா சகிதம். எவரெஸ்ட் பயணி லிப்டில் மாட்டிக்கொண்டு விசாரிக்கும்போது, "மூச்சு வாங்கித்துப்பா. உக்காந்து உக்காந்து போனோம். அவசரம் என்ன?" என்பார். உயரத்தைப் பற்றி மருத்துவ நூல்கள் சொல்வதன் சாரம் இதுவே. ஆனால் மாமி செயலி எதுவும் வைத்திருக்கவில்லை என்பதால் நம் பயணி இதைக் குறித்துக்கொள்வதில்லை.

உணவு விஷயத்தில் பிரச்சினை குறைவு. வழியெங்கும் தங்கும் விடுதிகளில் பருப்பும் சோறும் கிடைக்கும். தால் பாத் என்ற பெயரில் இரண்டாம் முறையும் பரிமாறுவார்கள். இருந்தும் பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல், மிளகாய்ப்பொடி, ஆவக்காய் நான்கும் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டப்படும். எண்ணெய் பையில் கசியும் என்று எல்லாரும் எச்சரிப்பார்கள். கசியும்.

மருந்துப் பெட்டியில் தலைமை இடம் டயமாக்ஸ் என்ற பெயரில் விற்கும் அசெட்டசோலமைடு மாத்திரைக்கு. உடம்பு உயரத்துக்குப் பழகுவதை அது விரைவுபடுத்தும். சல்பா மருந்து ஒவ்வாதவர்கள் மருத்துவரிடம் சொல்லாமல் தொடக்கூடாது. ஒத்துக்கொள்கிறதா என்று ஊரிலேயே பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள் என்பதால் ஒரு திங்கட்கிழமை போட்டுப் பார்ப்பார். விரல் நுனிகள் மரத்துக் குறுகுறுக்கும், சோடா சப்பென்றிருக்கும், ஒரு மணி நேரக் கூட்டத்தில் நான்கு முறை எழுந்து போக நேரும். மேலாளர் இதை எதிர்ப்புப் போராட்டமாகக் கருதுவார். கொரோனா காலத்தில் வாங்கிய ஆக்சிமீட்டரும் மறுபிறவி எடுக்கும். காலை, மாலை, படி ஏறியபின் என்று விரலை விட்டுப் பார்ப்பார். சென்னையில் அது தொண்ணூற்றெட்டைவிட்டு இறங்காது என்பதில் அவருக்கு ஒரு ஏமாற்றம். அம்மா கொடுத்த கற்பூரப் பொட்டலமும் பெட்டிக்குள் போகும். முகர்ந்தால் ஆக்சிஜன் ஏறாது. ஆனாலும் கோயில் வாசனை வரும்.

காப்பீட்டில் ஒரு கண்ணி உண்டு. சாதாரணப் பயணக் காப்பீடுகள் பல, குறிப்பிட்ட உயரத்துக்கு மேலே செல்லா. ஹெலிகாப்டர் மீட்பு அடங்கியதைத் தேடிப் பார்த்து எடுக்க வேண்டும். இதை அவர் ஒழுங்காகச் செய்துவிடுவார். படிவம் நிரப்புவதில் அவர் சூரர். இந்தியருக்கு நேபாளத்தில் விசா தேவையில்லை என்பது மட்டும் அவருக்குச் சற்று வருத்தம்.

எல்லாம் வாங்கியாகிவிட்டது. மிச்சம் லீவு. லுக்லாவில் தொடங்கி லுக்லாவில் முடிய வழக்கமான திட்டம் 12 நாள். மூவாயிரம் மீட்டருக்கு மேலே ஓரிரவுக்கும் அடுத்த இரவுக்கும் இடையே தூங்கும் உயரம் 500 மீட்டருக்கு மேல் கூடாமல் இருக்க வேண்டும், மூன்று நான்கு நாளுக்கொரு முறை அதே இடத்தில் இன்னோர் இரவு தங்க வேண்டும் என்பது மலை மருத்துவத்தின் விதி. அதனால்தான் 3,440 மீட்டரிலுள்ள நாம்சே பஜாரிலும் 4,410 மீட்டரிலுள்ள திங்போச்சேயிலும் இரண்டிரண்டு இரவு. பகலில் சற்று மேலே ஏறிப்போய்விட்டு, இறங்கிவந்து தூங்குவதற்கான நாட்கள் அவை. திட்ட அட்டவணையில் 'ஓய்வு' என்று போட்டிருக்கும். அந்தச் சொல்தான் வினை. ஐப்பசியில் தீபாவளி, அதற்குள் வீடு திரும்பாவிட்டால் வேறு வகை உயர அழுத்தம். அலுவலகத்தில் மிச்சமுள்ள லீவு ஒன்பது நாள். இரண்டு சனி ஞாயிறையும் ஆயுதபூஜையையும் முன்னும் பின்னும் ஒட்டவைத்துப் பார்ப்பார். இரண்டு நாள் இடிக்கும். பூட்ஸிலும் கோட்டிலும் ஒரு பைசா பேரம் பேசாதவர் இங்கே பேரம் பேசுவார். "சும்மா உக்கார்ற நாள்தானே?" என்று அந்த இரண்டையும் பேனாவால் அடிப்பார். ஒன்றரை லட்ச ரூபாய்ப் பொருள்கள் எதுவும் தர முடியாத ஒன்றை அந்த இரண்டு நாள் தருகிறது என்று அவருக்குச் சொல்ல அங்கே மாமி இல்லை.

மூட்டை கட்டும் நாளில் ஒரே ஒரு செய்தி: லுக்லா விமானத்தில் கைப்பையும் சேர்த்து 15 கிலோதான். சமையலறைத் தராசு, குளியலறைத் தராசு, பழைய பேப்பர்காரரின் கைத்தராசு மூன்றும் 22 என்கின்றன. இரண்டாவது கோட்டும் உயரப் பயிற்சி முகமூடியும் வெளியே வரும், புளிக்காய்ச்சல் வராது. மனைவி இதற்கிடையில் லுக்லா ஓடுபாதை 527 மீட்டர்தான், ஒருபக்கம் பள்ளத்தாக்கு, மறுபக்கம் மலைச்சுவர் என்ற வீடியோவைப் பார்த்துவிட்டிருப்பார். அன்றிரவு குலதெய்வத்துக்கு மஞ்சள் துணியில் காசு முடிந்து வைக்கப்படும்.

மலையில் நடப்பது இந்தக் கட்டுரைக்கு வெளியே. ஒன்று மட்டும் சொல்லலாம். அட்டவணையைப் பார்த்த வழிகாட்டி, அடித்திருந்த இரண்டு நாளையும் ஒன்றும் பேசாமல் திரும்பச் சேர்த்துவிடுவார். 'மெதுவாக' என்று பொருள்படும் 'பிஸ்தாரை' என்ற நேபாளிச் சொல்லை நாளைக்கு நாற்பது முறை சொல்லி நடத்திக் கூட்டிப்போய்ப் பாறைமுன் நிறுத்திவிடுவார். திரும்பும்போது லுக்லாவில் மேகம் இறங்கிவிடும். மேகம் இருந்தால் விமானம் வராது. விமானம் வரும்வரை விடுதித் திண்ணையில் உட்கார்ந்து, ஆக்சிமீட்டரை விரலில் மாட்டிக்கொண்டு, மேலாளருக்குக் கூடுதல் லீவு கேட்டுச் செய்தி தட்டிக்கொண்டிருப்பவர் அவர்தான்.