ஹகுஹோ: வாசகர் கேள்விகள்

கேள்வி: கொழுத்த தேகமும் பெருந்தீனியும் இருந்தால் எவரும் சுமோ மல்லராகிவிடலாமே! இதில் வித்தை எங்கே இருக்கிறது?

பதில்: தேக பாரமே வித்தையென்றால் ஹகுஹோ என்ற மங்கோலிய மல்லரின் பெயரை நாம் கேள்விப்பட்டிருக்கவே மாட்டோம். 2000-ஆம் ஆண்டில், 15 வயதுச் சிறுவனாக, உலான்பாத்தரிலிருந்து அவர் ஜப்பான் வந்து சேர்ந்தபோது எடை 62 கிலோதான். ஒல்லிப் பையனென்று மல்லர் கூடங்களெல்லாம் கைவிரித்துவிட, ஊர் திரும்ப மூட்டை கட்டும் தறுவாயில், முன்னமே அங்கு மல்லராய் விளங்கிய மங்கோலியர் கியோகுஷூஸான் நடுவே புகுந்து பேசியதன் பலனாக, மியாகினோ கூடம் அவரைச் சேர்த்துக்கொண்டது. தரவரிசையில் இறங்கிய முதல் போட்டியில் வெற்றி 3, தோல்வி 4. காலை உயரத் தூக்கி மண்ணை மிதிக்கும் ஷிக்கோவையும், பாதம் தரையை விட்டு எழாமல் நகரும் சுரியாஷியையும் நித்திய கர்மமாகப் பயின்ற அதே பையன், 2007-இல், 22 வயதில், சுமோவின் உச்சப் பதவியான யோகோஸுனாவாக, அவ்வரிசையில் 69-ஆவதாக, உயர்ந்தார்.

கேள்வி: புலிக்குப் பிறந்தது பூனையாகுமா? தகப்பனார் கியாதிதானே அவரை ஏற்றிவிட்டது?

பதில்: தகப்பனார் முன்க்பாத், 1968 மெக்ஸிகோ ஒலிம்பிக்கில் மல்யுத்த வெள்ளிப் பதக்கம் பெற்றவர். அந்தக் கியாதி ஒரு கூடத்தின் கதவைக்கூட எளிதில் திறந்துவிடவில்லையே! 45 பட்டங்களும் 1187 வெற்றிகளும் மகனுடைய வியர்வை.

கேள்வி: முழங்கையால் இடித்தும் கன்னத்தில் அறைந்தும் ஜயித்தாரே, அது தர்மமா?

பதில்: விதியில் தடையில்லை, ஆயினும் எனக்கு அது உவப்பானதல்ல. மோதிய கணத்திலேயே வலக்கையை எதிராளியின் கைக்கு உட்புறமாக நுழைத்து, இடக்கையால் கச்சையை வெளிப்புறமிருந்து இறுகப் பற்றி, மார்போடு மார்பு சேர்த்து அவரை வட்டத்துக்கு அப்பால் நடத்திச் செல்லும் அந்த லாகவத்தைக் கண்டவர்கள், 2010-இல் தொடர்ந்து 63 வெற்றி பெற்ற அம்மல்லரிடம் வேறு ஆயுதத்தை எதிர்பார்க்க மாட்டார்கள். ஆனால், முழங்கால் உபாதை முதலியவற்றால் ஓராண்டுக்கு மேலாக எந்தப் போட்டியையும் முழுமையாக ஆடி முடிக்க இயலாதிருந்தவர், 2021 ஜூலையில் நகோயாவில், 36 வயதில், கடைசி நாளில் சக மல்லர் தெருனோஃபுஜியையும் சாய்த்துப் பதினைந்துக்குப் பதினைந்தும் வென்றபோது, அன்றும் அவர் முழங்கையை வீசினார் என்பதை அறிந்தே, அந்த வைராக்கியத்தை நான் வணங்கினேன்.

கேள்வி: அந்நிய நாட்டவரை ஜப்பானியர் மனமார ஏற்றார்களா?

பதில்: 2011-இல் பேரம் பேசித் தோற்ற மல்லர்களின் விவகாரம் அம்பலமாகி, மார்ச் மாதப் போட்டியே ரத்தான காலத்தில், ஒற்றை யோகோஸுனாவாக நின்று சுமோவின் மானத்தைத் தாங்கியவர் இந்த மங்கோலியரே. குருஸ்தானம் வகிக்க ஜப்பானியப் பிரஜையாக வேண்டுமென்பது சுமோ சங்க விதி. 2019-இல் அதற்கும் உட்பட்டார். பின்னர் தம் கூடத்துச் சீடன் பிறரை அடித்த குற்றத்துக்காகத் தண்டனை பெற்று, 2025-இல் சங்கத்தை விட்டே விலகினார். அவருடைய 45 பட்டங்களை இன்றுவரை எவரும் நெருங்கவில்லை.