செடிக்காரர் ஊருக்குப் போகிறார்

முழுப் பரீட்சை லீவு விட்டதும் அழைப்பு மணி அடிக்கும். ஒரு கையில் சாவி, இன்னொரு கையில் இரண்டு பக்கக் குறிப்பு. “சார், ஊருக்குக் கிளம்புறோம். பசங்களைக் கொஞ்சம் பார்த்துக்கோங்க.”

பசங்க என்றால் பதினேழு தொட்டி. நாவலூரில் அடுக்குமாடிக்கு ஒருத்தராவது இப்படி உண்டு. எங்களுடையவர் எனக்கு நேர் மேல்வீடு.

தண்ணீர் ஊற்றுவது பெரிய வேலையில்லை. பேச வேண்டும்! குறிப்பின் இரண்டாம் பக்கம் முழுக்க அதுதான். “துளசிகிட்ட காலையில சும்மா விசாரிச்சாப் போதும். செம்பருத்தியைப் பாராட்டணும். கறிவேப்பிலை மட்டும் கொஞ்சம் ரோஷக்காரி. மோர் ஊத்தும்போது போன் பேசாதீங்க, மூஞ்சியத் தூக்கி வச்சுக்குவா.”

சிரித்தால் தொலைந்தோம், ஆதாரங்கள் இறங்கும். ஜகதீஷ் சந்திர போஸ் 1901-இலேயே லண்டனில் கருவி வைத்து, சீண்டினால் செடிக்கும் துடிப்பு உண்டு என்று காட்டியது. 1950-களில் நம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தாவரவியல் பேராசிரியர் டி.சி. சிங், செடிகளுக்கு வீணை கேட்க வைத்து ஆராய்ந்தது. அந்த ஆய்வையெல்லாம் சேர்த்துக்கொண்டு 1973-இல் ‘தாவரங்களின் ரகசிய வாழ்வு’ என்று ஓர் ஆங்கிலப் புத்தகம் வந்து சக்கைப்போடு போட்டது. அதைத் தாவரவியலாளர்கள் ஏற்கவில்லையே என்று ஒருமுறை வாய்விட்டேன்.

“அவங்க செடிகிட்ட கேட்டாங்களா?” என்றார்.

கறிவேப்பிலை என்றேனே, ஆள் உயரம் இருக்கிறது. ஒரு கொத்து கிள்ள விடமாட்டார். தாளிக்க இரண்டு ஈர்க்கு கேட்டுப் போன என் மனைவிக்கு நற்றிணைப் பாடம் நடந்தது. புன்னையை உடன்பிறந்தவளாக நினைத்து, அதன் நிழலில் காதலனோடு சிரித்துப் பேசவே கூசினாளாம் ஒருத்தி. கூசியபடி என் மனைவியும் திரும்பி வந்தாள். அவர் வீட்டுச் சாம்பாருக்கோ, காய்கறிக் கடையில் கொசுறாகக் கொடுக்கும் கறிவேப்பிலை. அதையும் அந்த ரோஷக்காரிக்குத் தெரியாமல் பைக்குள் மறைத்துத்தான் கொண்டு வருவார். பார்த்திருக்கிறேன், பாவமாக இருக்கும்.

ஆனால் ஒன்று சொல்லியாக வேண்டும், இதில் சிரிப்பில்லை. கோடையில் எங்களுக்கு டேங்கர் லாரித் தண்ணீர்தான். அதற்கு அவர் பங்கும் என் பங்கும் ஒரே தொகை. அவர் பதினேழு தொட்டிக்கும் ஊற்றியது போக மிச்சம் செம்மண்ணோடு என் கொடியில் காயும் வேட்டியில் இறங்குகிறது. தொட்டிக்கு அடியில் தட்டு வையுங்கள் என்று மூன்று வருஷமாகக் கெஞ்சுகிறேன். “வேருக்கு மூச்சு முட்டும் சார்” என்கிறார். மாதம் ஒருமுறை மீன் அமிலம் வேறு ஊற்றுவார். அன்றைக்கு மூச்சு முட்டுவது கீழ்வீட்டுக்கு.

போன மே மாதம் சாவி வாங்கிய மூன்றாம் நாள், கறை படிந்த வேட்டியையும் மோர்ச் சொம்பையும் எடுத்துக்கொண்டு மேலே போனேன். பேசத்தானே சொன்னார்? பேசினேன். மூன்று வருஷத்துப் பாக்கி, அரை மணி நேரம். ரோஷக்காரி குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை. மறுநாளும் பாக்கி இருந்தது, அதற்கு மறுநாளும்.

பன்னிரண்டாம் நாள் அவர் வந்து பார்த்தபோது கணுவுக்குக் கணு துளிர். “அவகிட்ட அப்படி என்ன சார் பேசினீங்க?” என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது. நான் எதுவும் சொல்லவில்லை.

தீபாவளிக்கும் நான்தான் என்று முடிவு செய்துவிட்டார். எங்கள் பிளாக்கில் இதைப் படிப்பவர் யாராவது அந்தப் பொறுப்பை ஏற்பதாக இருந்தால் சாவியையும் குறிப்பையும் தந்துவிடுகிறேன். வேட்டி இல்லையென்றால் என்னுடையதையே எடுத்துக்கொள்ளலாம்.