காப்ரி கிழவரின் கைமாற்று

கி.பி. 33. ரோமாபுரியில் வட்டிக்கு விடாத பெரிய மனிதர் என்று ஒருவரைத் தேடினால் ராத்திரி ஆகிவிடும். வட்டிக்கு இவ்வளவுதான் விடலாம், பணத்தில் ஒரு பங்கை இத்தாலியில் நிலமாகப் போட வேண்டும் என்று ஜூலியஸ் சீசர் எப்போதோ சட்டம் போட்டிருந்தார். சீசரைக் குத்துவதற்குச் செனட்டர்களுக்குக் கத்தி தேவைப்பட்டது. அவருடைய சட்டத்தைக் கத்தியே இல்லாமல் முடித்துவிட்டார்கள். யாரும் அதை ரத்து செய்யவில்லை, மறந்துவிட்டார்கள், அவ்வளவுதான்.

அடுத்தவர் மேல் பிராது கொடுத்து, ஜெயித்தால் அவர் சொத்தில் பங்கு வாங்கிப் பிழைக்கிற ஒரு கூட்டம் அப்போது ஊரில் இருந்தது. அதில் சிலர் இந்தப் பழைய சட்டத்தைத் தூசி தட்டி எடுத்து, வட்டிக்காரர்கள் மேல் வரிசையாக வழக்குப் போட்டார்கள். விசாரிக்க வேண்டிய அதிகாரி கிராக்கஸ். மாட்டியிருந்த ஆட்களின் எண்ணிக்கையைப் பார்த்தார், வழக்குக் கட்டைத் தூக்கிச் செனட் சபையிடம் கொடுத்துவிட்டார். அதிகாரிகள் மேல் எனக்குள்ள மரியாதையில் பாதி இந்த மாதிரி முன்னோடிகளால் வந்தது.

செனட் நடுங்கியது. ரோமானிய வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் காரணத்தையும் எழுதி வைத்திருக்கிறார்: அந்தத் தப்பைச் செய்யாதவர் சபையில் ஒருவர்கூட இல்லை. விவாதம் எப்படி நடந்திருக்கும் என்று நான் ஊகிக்க வேண்டியதே இல்லை. எங்கள் அடுக்குமாடிச் சங்கத்தில், பராமரிப்புப் பணம் பாக்கி வைத்தவர்கள் மேல் என்ன நடவடிக்கை எடுப்பது என்று பாக்கி வைத்த நாங்களே கூடிப் பேசியிருக்கிறோம். கால அவகாசம் தரலாம் என்று ஏகமனதாகத் தீர்மானமாயிற்று. செனட்டர்களும் அதையே சக்கரவர்த்தி டைபீரியஸிடம் கேட்டார்கள். கிடைத்தது ஒன்றரை வருடம்.

இந்த டைபீரியஸ் ரோமில் இல்லை. 7 வருடத்துக்கு முன்பே ஊரைவிட்டுக் கிளம்பியவர், காப்ரித் தீவில் உட்கார்ந்துகொண்டு கடிதத்திலேயே சாம்ராஜ்யம் நடத்தினார். எழுபதைத் தாண்டிய வயது, எல்லார் மேலும் சந்தேகம்.

அவகாசம் கிடைத்ததும் கணக்கை நேர் செய்யக் கிளம்பிய வட்டிக்காரர்கள், கொடுத்த கடனையெல்லாம் ஒரே நேரத்தில் திருப்பிக் கேட்டார்கள். ஊரில் பணம் எங்கே இருந்தது? பாதி கஜானாவுக்குள். சக்கரவர்த்தியின் வலது கையாக இருந்த செஜானஸ் போன்றவர்கள் ராஜதுரோகிகள் என்று உயிரிழந்தபோது அவர்களுடைய சொத்தும் கூடவே போயிற்று. ஏலம் போட்டு வந்த வெள்ளி, உள்ளே போய்ப் பூட்டிக்கொண்டது. ஸ்பெயினிலேயே பெரிய பணக்காரரான செக்ஸ்டஸ் மாரியஸை அதே வருடம் மகளோடு தகாத உறவு என்று குற்றம் சாட்டிப் பாறையிலிருந்து தள்ளினார்கள். அவருடைய தங்கச் சுரங்கங்கள் ஒழுக்கம் கெடாமல் சக்கரவர்த்தியிடம் வந்து சேர்ந்தன.

மிச்ச வெள்ளியில் கொஞ்சம் நம் பக்கம் வந்திருந்தது. பெண்கள் போடும் ரத்தினத்துக்காக நம் காசு அந்நியர் கைக்குப் போகிறதே என்று 11 வருடத்துக்கு முன்பே இதே டைபீரியஸ் செனட்டுக்குக் கடிதம் எழுதிப் புலம்பியிருந்தார். காங்கயம் பக்கத்துப் படியூர் பச்சைக்கல்லுக்கும் அந்தப் புலம்பலில் பங்கு இருந்திருக்கலாம். கோவை, கரூர்ப் பக்கம் தோண்டும்போது அவர் முகம் போட்ட வெள்ளிக்காசு கிடைத்திருக்கிறது. நெருக்கடிக்கு நாம்தான் காரணம் என்று டாசிட்டஸ் சொல்லவில்லை. கொங்கு நாட்டு மானம் தப்பியது.

செனட் அடுத்த வைத்தியத்தை எழுதியது: கடன் கொடுத்தவர்கள் தங்கள் முதலில் மூன்றில் இரண்டு பங்கை இத்தாலி நிலத்தில் போட வேண்டும், கடன்காரர்கள் மூன்றில் இரண்டு பங்கை உடனே கட்ட வேண்டும். காகிதத்தில் அழகான ஏற்பாடு. விற்பவரும் வாங்குபவரும் சந்தையில் சந்திப்பார்கள், பணம் புரளும். நடந்ததோ வேறு. வட்டிக்காரர்கள் முழுத் தொகையும் வை என்றார்கள். இல்லை என்று சொன்னால் கௌரவம் போகும் என்று கடன்காரர்கள் நிலத்தை விற்கக் கிளம்பினார்கள். நிலம் வாங்கியே ஆக வேண்டியவர்கள் பணத்தை மடியில் கட்டிக்கொண்டு, விலை இன்னும் இறங்கட்டும் என்று காத்திருந்தார்கள். அதுவும் இறங்கிக்கொண்டே போயிற்று. பரம்பரைக் குடும்பங்கள் நிலமும் போய், பேரும் போய், பதவியும் போய் நின்றன.

இப்படித்தான் ஆகும் என்று தெரிந்த ஒருவர் இருந்தார். சட்ட மேதை நெர்வா, சக்கரவர்த்தியின் ஆத்ம நண்பர். சீசரின் கடன் சட்டத்தை உயிர்ப்பித்தால் நம்பிக்கை குலைந்து ஊரே குழம்பும் என்று மனம் வெறுத்துப் பட்டினி கிடந்து செத்தார் என்கிறார் இன்னொரு வரலாற்றாசிரியர் டியோ. டைபீரியஸ் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடச் சொல்லிக் கெஞ்சினாராம். நெர்வா சாகும்வரை சட்டத்தை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை.

கடைசியில் கிழவர் கஜானாவைத் திறந்தார். 10 கோடி செஸ்டர்ஸ். ஒரு சிப்பாயின் வருடச் சம்பளம் 900 செஸ்டர்ஸ் என்றால் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். மூன்று வருடத்துக்கு வட்டியில்லாக் கடன், நம் பாஷையில் கைமாற்று. ஆனால் கைமாற்றுக்கு யாராவது அடமானம் கேட்பார்களா? இவர் கேட்டார், வாங்கும் தொகையைப் போல் இரண்டு மடங்கு நிலம். நிலமே இல்லாத வாடகைக் குடித்தனக்காரன், தூரத்தில் நின்று நெருக்கடி தீர்வதை வேடிக்கை பார்க்கலாம்.

வைத்தியம் பலித்தது, அதை ஒப்புக்கொள்ள வேண்டும். காசு கண்ணில் பட்டதும் தனியார் வட்டிக்காரர்களும் மெல்ல வெளியே வந்தார்கள். நிலம் வாங்கியே ஆக வேண்டும் என்ற தீர்மானம்? ஆரம்பத்தில் தீவிரமாகப் பிடித்து, போகப்போக விட்டுவிட்டார்கள். இப்படிப்பட்ட விஷயங்கள் எப்போதும் முடிகிற மாதிரியே முடிந்தது என்று டாசிட்டஸ் அலுத்துக்கொள்கிறார். சீசரின் சட்டம் மறுபடி தூங்கப் போயிற்று.

டைபீரியஸ் 37-ல் கண்ணை மூடினார். அப்போது அவர் விட்டுப்போனது 270 கோடி செஸ்டர்ஸ் என்று சக்கரவர்த்திகளின் வாழ்க்கையை எழுதிய சுவெட்டோனியஸ் கணக்குச் சொல்கிறார். அடுத்து வந்த காலிகுலா அதை ஒரு வருடம் நிறைவதற்குள் செலவழித்துத் தீர்த்தான். யாரிடமும் அடமானம் கேட்கவில்லை.