மாவு இருக்கு

"ராத்திரிக்கு என்ன?" என்று எங்கள் வீட்டில் இப்போதெல்லாம் யாரும் கேட்பதில்லை. கேட்டாலும் பதில் இரண்டே சொல்தான்: "மாவு இருக்கு." ஃபிரிட்ஜுக்குள் எவர்சில்வர் வாளியில் மாவு உட்கார்ந்திருக்கும்வரை வேறு பண்டத்தின் பெயரை எடுப்பதே துரோகம். முதல் நாள் இட்லி, மறுநாள் தோசை, அதற்கடுத்து ஊத்தப்பம், நன்றாகப் புளித்தபின் பணியாரம். ஒரே வேட்பாளர் நாலு சின்னத்தில் நிற்கிறார். எதில் குத்தினாலும் ஜெயிப்பது அவரே.

நான் சின்னப் பையனாக இருந்தபோது திருநெல்வேலியில் எங்கள் தெருவில் இட்லி நினைத்த நேரத்துக்குக் கிடைக்காது. தீபாவளி வரவேண்டும், அல்லது விருந்தாளி வரவேண்டும், அதுவும் இல்லையென்றால் காய்ச்சலாவது வரவேண்டும். ஆட்டுரலில் ஒரு கை குழவியைச் சுற்ற, மறு கை மாவைத் தள்ள, அம்மா ஆட்டி முடிப்பதற்குள் பாதி சாயங்காலம் போய்விடும். அப்புறம் கோயம்புத்தூரிலிருந்து கிரைண்டர் வந்தது. 2011இல் தமிழக அரசே மிக்சி, கிரைண்டர், மின்விசிறி மூன்றையும் விலையில்லாமல் கொடுக்க ஆரம்பித்தது. இப்போது தெருமுனைக் கடையில் மாவு பாக்கெட்டில் தொங்குகிறது. கிரைண்டரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. அம்மாவின் தோள்பட்டை வலி எனக்குத் தெரியும். ஆனால் அது வீட்டுக்குள் வலது கால் வைத்த நாளிலிருந்து கூட்டாஞ்சோறு, சேவை, பருப்பு உருண்டைக் குழம்பு, உளுந்தம்பருப்புச் சோறு எல்லாம் ஒவ்வொன்றாகக் கொல்லைப்புறமாக வெளியேறின. யாரும் விரட்டவில்லை. "அடுத்த வாரம் பண்ணலாம்" என்றோம், அவ்வளவுதான்.

போன சித்திரையில் ஃபிரிட்ஜ் நின்றுபோனது. வந்து பார்த்த மெக்கானிக், "கம்ப்ரசர் போச்சு சார், நாளைக்கு வந்துரும்" என்றார். மறுநாளும் அதையே சொன்னார். சென்னை வெயில் மாவுக்கு என்ன செய்யும் என்று அன்று ராத்திரி பார்த்தோம். வாளியின் மூடியைத் தூக்கிக்கொண்டு மாவு வெளியே வந்து, மேடையிலிருந்து இறங்கி, ஹாலைப் பார்க்கக் கிளம்பியிருந்தது.

அடுத்த நாள் உப்புமா. அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

அதற்கும் மறுநாள் கட்டிலில் இருந்தபடியே அம்மா, "ஒரு உளுந்தம்பருப்புச் சோறு பொங்கினா ஆச்சு. இதுக்கு எதுக்குல பெட்டி?" என்றாள்.

"அளவு என்ன அத்தை?" என்றாள் என் மனைவி.

"நம்ம உழக்குக்கு ரெண்டு அரிசி, ஒண்ணு உளுந்து, தண்ணி எட்டு."

என் மகள் எஞ்சினியர். "ஆச்சி, இது விகிதம்தானே? எந்த டம்ளர்ல அளந்தாலும் ஒண்ணுதான்" என்றாள்.

"அப்ப அது டம்ளர் சோறுல்லா" என்று அம்மா முடித்துவிட்டாள். அப்புறம்தான் விஷயமே வெளியே வந்தது. "பூண்டு எவ்வளவு?" என்றால், "உழக்குல அந்த நெளிசல் வரைக்கும்."

அந்த நெளிசல் எப்படி வந்தது என்பதற்கு எங்கள் குடும்பத்தில் மூன்று கதைகள் உண்டு. மூன்றிலும் தாத்தாவின் கோபம் வரும். பிரச்சினை என்னவென்றால், பாகப்பிரிவினையில் அந்தப் பித்தளை உழக்கு பாளையங்கோட்டையில் இருக்கிற அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டது. சாய்வு நாற்காலிக்காக அன்று அத்தனை சண்டை போட்ட எங்களில் ஒருவருக்கும் உழக்கு கண்ணில் படவில்லை. மதினிக்கு போன் போட்டேன். "அதுவா? பேரன் பென்சில் போட்டு வச்சிருக்கானே!" என்றாள். பென்சில்களைக் கொட்டி, கழுவி, தண்ணீர் நிரப்பி, இளைய பேரனின் பால் புட்டியில் ஊற்றி அளந்து சொன்னாள்: முழுசாக 310 மில்லி, நெளிசல் வரைக்கும் 90. கணக்குப்படி கால் படியான உழக்கு 336 மில்லி பிடிக்க வேண்டும். தாத்தாவின் கோபத்துக்கு 26 மில்லி கழிந்திருக்கிறது.

உளுந்து வாங்கப் போனால் கடைக்காரர் பளபளவென்று வெள்ளை உளுந்தை எடுத்து நீட்டுகிறார். தொலி உளுந்து என்று இரண்டு தடவை சொன்னபிறகு, ஏதோ மாட்டுத் தீவனம் கேட்டவனைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு உள்ளே போய் எடுத்துவந்தார். அதை வாசம் வரும்வரை வறுத்து, அரிசியோடு சேர்த்து, பூண்டு, வெந்தயம், சீரகம், தேங்காய்ப்பூ போட்டுக் குழைய வேகவைக்க வேண்டும். தாளிப்பு கிடையாது. தட்டில் போட்டபின் மேலே நல்லெண்ணெய். தொட்டுக்கொள்ள எள்ளுத் துவையல். அது இல்லாமல் இந்தச் சோற்றைச் சாப்பிடுகிறவர்களோடு நான் பேசுவதில்லை.

"என்னப்பா, சோறு இந்தக் கலர்ல இருக்கு?" என்று மகள் மூக்கைச் சுளித்தாள். முதல் கவளத்துக்குப் பிறகு பேச்சில்லை. இரண்டாவது தட்டுக்கு முன்னால் போட்டோ எடுத்தாள். பிறகு போனில் எதையோ தேடிப் பார்த்து, நூறு கிராம் உளுந்தில் 24 கிராம் அளவுக்குப் புரதம் இருப்பதைக் கண்டுபிடித்து, "ஆச்சி, இது ஹை புரோட்டீன்!" என்று கத்தினாள்.

"இல்லட்டீ, இது உளுந்து" என்றாள் அம்மா.

அதற்கப்புறம் மெக்கானிக் "நாளைக்கு" என்று சொன்ன ஒவ்வொரு நாளும் எங்களுக்கு லாபம். முருங்கைக்கீரையும் கத்திரிக்காயும் மாங்காயும் போட்டுக் கூட்டாஞ்சோறு வந்தது. பருப்பு உருண்டைக் குழம்பு வந்தது. உருண்டைகள் பாதி கரைந்தும் குழம்பு தப்பியது. வெந்தயக்களியும் வந்தது. பழையதெல்லாம் அமிர்தம் என்று நான் சொல்ல மாட்டேன். வெந்தயக்களி வழக்கொழிந்ததற்குத் தக்க காரணம் இருந்திருக்கிறது, அதை வாயில் வைத்த உடனே விளங்கிவிட்டது. கருப்பட்டியாலும் அதைக் காப்பாற்ற முடியவில்லை.

ஒரு நாள் போனில் அண்ணனிடம், அந்தக் காலத்துச் சாப்பாடு, அதன் ருசி, நாம் தொலைத்த பாரம்பரியம் என்று நான் உருகிக்கொண்டிருந்தேன். அம்மா கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, போனை வைத்ததும் சொன்னாள்: "நல்லா இருக்குனு சொன்ன ஆம்பளைங்கள்ல ஒருத்தனாவது அம்மியத் தொட்டிருக்கானால?" அன்றிலிருந்து 90 மில்லி பூண்டு உரிப்பது என் வேலை. அது எத்தனை பூண்டு என்று உரித்தவனுக்குத்தான் தெரியும்.

கடைசியில் கம்ப்ரசர் வந்தது. மாவும் திரும்பி வந்து பழைய இடத்தில் உட்கார்ந்துகொண்டது. செவ்வாயும் சனியும் மட்டும் அதற்கு விடுமுறை என்று என் மனைவி உத்தரவு போட்டிருக்கிறாள், இதுவரை நடந்துவருகிறது.

உங்கள் வீட்டு உழக்கு பாகப்பிரிவினையில் யாரிடம் போனது என்று இன்றைக்கே ஒரு போன் போட்டுக் கேளுங்கள். நெளிசல் இருந்தால் அதுவரைக்கும் தனியாக அளக்கச் சொல்லுங்கள். உளுந்து மட்டும் தொலியோடுதான் வாங்க வேண்டும்.