எல்லைப்புறத்து வானம்பாடி

கேள்வி: டெக்ஸாஸ் வாழ் மெக்ஸிகோ வம்சாவளியினரின் டெஹானோ சங்கீதம் என்றால் பாடகி ஸெலீனாவைத்தானே முதலில் சொல்ல வேண்டும்?

பதில்: ஸெலீனா ஜனிப்பதற்கு 37 ஆண்டுகள் முன்பே, சூயிங்கம் உறைக்காகிதத்தில் அச்சாகியிருந்த பாட்டைச் சிறுமியாக மனனம் செய்து, சான் அன்டோனியோ சந்தைத் திடலில் குடும்பத்தாரோடு சில்லறைக் காசுக்குப் பாடி, பன்னிரண்டு தந்திக் கிதாரைத் தாமே மீட்டி, 1934-ல் அதே பாட்டை 'மால் ஓம்ப்ரே' (கெட்டவன்) என்ற இசைத்தட்டாகத் தந்து பிரக்யாதி பெற்ற லிடியா மெண்டோஸாவையே முதலில் நமஸ்கரிப்பேன். பிறர் இனிப்பை மென்று காகிதத்தை எறிவார்கள். இவருக்கோ இனிப்பு காகிதத்திலேயே இருந்தது! வஞ்சித்த ஆடவனை நேருக்கு நேர் ஏசும் அப்பாட்டை, இருபது வயதுகூட நிரம்பாத பெண்ணொருத்தி தனித்து நின்று பாடிய தைரியம் அற்புதமானது. அமெரிக்க அரசாங்கம் 1999-ல் அவருக்குத் தேசியக் கலைப் பதக்கம் அளித்தது. ஜனங்களோ வெகுகாலம் முன்பே அவரை 'எல்லைப்புறத்து வானம்பாடி' என்று அழைத்துவிட்டார்கள்.