அழுவதற்கும் அனுமதி

இந்த மண்ணில் சாவதென்றால் வெள்ளைக்காரனாகச் செத்திருக்க வேண்டும்.

திருகோணமலை நிலாவெளி வீதியில் பிரித்தானியப் போர் மயானத்தைப் போய்ப் பாருங்கள். கல்லுக்குக் கல் பெயர், இலக்கம், படைப்பிரிவு. புல்லை ஒட்ட வெட்டியிருக்கிறார்கள். 1917இல் தொடங்கிய ஆணைக்குழு ஒன்று இன்றுவரை பராமரிக்கிறது. அதிகாரிக்கும் சாதாரணச் சிப்பாய்க்கும் ஒரே மரியாதை.

1942 ஏப்ரல் 9 அன்று மட்டக்களப்புக் கடலில் ஜப்பானியர் குண்டுபோட்டு மூழ்கடித்த ஹெர்மீஸ் கப்பலோடு 307 பேர் போனார்கள். அந்தச் சாவு இன்று சுற்றுலா. டொலர் இருந்தால் காற்றுச் சிலிண்டர் கட்டிக்கொண்டு இறங்கிப் பார்க்கலாம்.

இனி எங்கள் மட்டக்களப்பு வாவிக்கரைக்கு வாருங்கள்.

சத்துருக்கொண்டான், 1990 செப்டெம்பர் 9. இராணுவ முகாமுக்குக் கொண்டுபோன 184 பேர் திரும்பவில்லை. அதில் கைக்குழந்தைகளும் உண்டு. விசாரணை ஆணைக்குழு வந்தது. அறிக்கை வந்தது. தண்டனை மட்டும் வரவில்லை. காத்தான்குடிப் பள்ளிவாசலில் அதே ஆண்டு ஆகஸ்ட் 3இல் தொழுதுகொண்டிருந்தவர்களைப் புலிகள் சுட்டார்கள். சுவரில் துளைகள் அப்படியே இருக்கின்றன. நீதியும் அப்படியே.

புலிப் போராளிகளைப் புதைத்த தரவைத் துயிலும் இல்லத்தை இராணுவம் இடித்துத் தள்ளியது. கல்லறை போனாலும் தாய் போவாளா? மாவீரர் நாளான நவம்பர் 27 அன்று சிட்டி விளக்கோடு வருகிறாள். அவளுக்கு முன்னே பொலிஸ் நின்றிருக்கிறது, கையில் தடை உத்தரவு. கட்டிய நாடாவில் புலிக்கொடியின் சிவப்பும் மஞ்சளும் சேர்ந்திருக்கின்றனவா என்று ஆராய்ந்திருக்கிறது. கொலைகாரனைத் தேடாத கண்ணுக்கு நிறம் மட்டும் துல்லியமாகத் தெரிகிறது.

2021 மே 18, கிரான் கடற்கரை. 2009இல் போரின் முடிவில் முள்ளிவாய்க்காலில் செத்தவர்களுக்கு விளக்கேற்றிய பத்துப் பேர் கைது. சட்டம்? பயங்கரவாதத் தடைச் சட்டம். பயந்தது யார்?

தெற்கில் வேறு கணக்கு. 1971இலும் 1987–89இலும் இதே அரசுக்கு எதிராக ஆயுதம் தூக்கிய ஜே.வி.பி., வருடா வருடம் நவம்பர் 13இல் கொழும்பில் தன் வீரர்களை நினைவுகூர்கிறது. மேடை உண்டு, கொடி உண்டு. அதன் தலைவர் 2024 முதல் நாட்டின் ஜனாதிபதி. அங்கே கிளர்ச்சிக்காரனின் தாய் வீரத்தாய். இங்கே சந்தேகநபர்.

வெள்ளைக்காரன் கல்லறையில் புல் வெட்டுங்கள். வேண்டாமென்று ஒருவரும் சொல்லவில்லை. எங்கள் பிள்ளைகளுக்கு ஒரு விளக்கு வைக்க விடுங்கள். அரசுக்கு ஒரு சதம் செலவில்லை. எண்ணெயும் திரியும் நாங்களே வாங்கிக்கொள்கிறோம்.