அன்பு மைத்துனர் யார்?

கேள்வி: யாழ்ப்பாணத்தில் விட்டுப்போன சொந்தங்களை இணையத்தில் தேட முடியுமா? (வாசகி, டொரொண்டோ)

பதில்: முடியும். இணையத்தில் வரும் மரண அறிவித்தல்களைப் படியுங்கள். பிறப்பிடம், வதிவிடம், பெற்றோர், மாமன் மாமி, மருமக்கள், சகலன், சம்பந்தி என்று ஊரே வரிசையில் நிற்கும். யார் பெயருக்கு முன்னால் 'காலஞ்சென்ற' என்று இருக்கிறதோ, அவருடைய அறிவித்தலைத் தேடினால் ஒரு தலைமுறை மேலே ஏறலாம். குடும்பப் பெயரை மட்டும் நம்ப வேண்டாம். நம்மவர்க்கு அது பெரும்பாலும் அப்பாவின் பெயர். பேரன் காலத்துக்குள் மாறிவிடும். இன்னொன்று, வேலிச் சண்டையில் முப்பது வருடம் முகம் பாராதவரும் அங்கே 'அன்பு மைத்துனர்' ஆகியிருப்பார். உண்மை வேண்டுமென்றால் காணி உறுதியைப் பாருங்கள்.